மடக்குக்கத்திகளும் ஒரு பட்டுப்புடவையும்

இருபத்தெட்டு வருஷமாக என் கால்சட்டையின் வலது பையில் ஒரு சின்ன மடக்குக்கத்தி இருந்துவருகிறது. நடுவில் மூன்று மாதம் மட்டும் இல்லை. நான் சொல்ல வந்தது அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான்.

எனக்கு வேளாண்மைத் துறையின் விதைக் கிடங்கில் வேலை. திருவாரூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் வயலாக இருக்கும் ஒரு கட்டடம். நெல் விதை மூட்டைகள் வரும், போகும். மூட்டை வாய்த் தையலில் சரியான இடம் பார்த்து ஒரு வெட்டு வெட்டினால் நூல் முழுவதும் சரசரவென்று ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். தப்பான இடத்தில் வெட்டினால் கால்மணி நேரம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். குருத்து காய்ந்துபோன பயிரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, "என்ன நோய்னு பாருங்க சார்" என்று வருபவர்கள் உண்டு. தண்டை நீளவாக்கில் பிளந்து உள்ளே நெளியும் புழுவைக் காட்டுவேன். அதற்கும் கத்திதான்.

வேலைக்கு ஒரு கத்தி போதும். அது எப்படியோ முப்பத்தொன்று ஆகிவிட்டது. எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்குபவை. மாட்டுக்கொம்புப் பிடி போட்ட ஒன்று, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கியது. அதன் அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகிவிட்டது, ஆனால் இன்றும் வெங்காயத் தோலைக் காகிதம் போலச் சீவும். திருப்பனந்தாளில் மடத்துத் தெருவுக்குப் பின்னால் பழைய பித்தளைச் சாமான் வாங்கி விற்கும் கடையில், ஓட்டைக் குத்துவிளக்குகளுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளை மீன் கிடைத்தது. மீனின் வயிற்றுக்குள்தான் அலகு மடங்கியிருக்கும். கண்ணுக்குப் பதில் ஒரு ஆணி. மொத்த நீளமே என் ஆள்காட்டி விரல் அளவு. இரும்பு வளையத்தைத் திருகினால் அலகு மடங்காமல் நிற்கும் மரப்பிடிக் கத்தி கூத்தாநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் தந்தது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிப்பதை அந்த ஊரில் சபுர் என்பார்கள். சபுரிலிருந்து வந்த அவருடைய தம்பி எல்லாருக்கும் சென்ட் பாட்டில் கொண்டுவந்தபோது, எனக்கென்று அதைக் கொண்டுவந்திருந்தார்.

இவை ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் பழைய துண்டு விரித்துக் கிடக்கும். காலையில் குளித்துவிட்டு வந்து டப்பாவைத் திறந்து, இன்றைக்கு எது என்று பார்ப்பேன். என் மனைவி அந்த நேரத்தில் தலைவாரிக்கொண்டிருப்பாள்.

"புடவை எடுக்க எனக்குக்கூட இவ்ளோ நேரம் ஆகாதுங்க" என்பாள்.

அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். என் கத்திகளை அவளுக்குப் பிடிக்காது. காரணமும் உண்டு. அரிவாளில் கை வெட்டிக்கொண்டவர்கள், வரப்புத் தகராறில் மண்டை உடைந்தவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். "நீங்க ஆசையாசையா வாங்கி வைக்கிறீங்க. நான் அந்தப் பக்கம் உக்காந்து தையல் போட்டுக்கிட்டிருக்கேன்" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அது விளையாட்டுக்குச் சொன்னதல்ல என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. எங்கள் கொல்லையின் பட்டாவில் சர்வே எண் தப்பாக ஏறியிருந்தது. மனு கொடுக்க ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்கு யாரோ முக்கியமானவர் வருகிறார் என்று வாசலில் கெடுபிடி. ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள். காவலர் என் பையில் கை வைத்ததும் நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"பேனாக்கத்திங்க."

"எதுக்கு?"

"எதுக்கும்தாங்க" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அது உண்மையான பதில். அவருக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. என்னை ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெரிய அதிகாரி வரும்வரை இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் விதை வாங்கும் விவசாயிகள் பாதிப் பேர் அன்று அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். சிலர் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்து, "சார், நீங்க இங்க என்ன?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற காவலர் எனக்கு முன்னால் பதில் சொன்னார்: "கத்தி வெச்சிருந்தாருங்க."

கடைசியில் அதிகாரி வந்தார். கத்தியைத் திறந்து பார்த்தார். "இத வெச்சு ஒரு மாங்காய அறுக்கவே மதியம் ஆயிடுமே" என்று சிரித்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார். "இனிமே இங்க வரப்ப வீட்லயே வெச்சுட்டு வாங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மனுவைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சத்தம் போடவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொன்னா கேப்பீங்களா?"

"சொல்லு."

"பை காலியாவே போயிட்டு வாங்களேன். என்ன குறைஞ்சிடும்?"

சரி என்றேன். பிஸ்கட் டப்பாவை எடுத்து பீரோ மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் தள்ளினேன். மறுபடி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தால் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும்.

கிடங்கில் ஒரு பிளேடை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதை வைத்துத் தையல் பிரித்தேன். கை மட்டும் பழக்கம் விடாமல் பைக்குள் போய்ச் சாவியைத் துழாவிவிட்டுத் திரும்பும். ஒரு நாள் ஒருவர் காய்ந்த குருத்தோடு வந்தபோது, நகத்தால் தண்டைக் கீறிப் பிளக்கப் பார்த்தேன். புழு நசுங்கிவிட்டது. "பரவால்ல சார், புழுதான்னு தெரிஞ்சுபோச்சு" என்று அவர் என்னைத் தேற்றினார்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. கார்த்திகையில் ஜவுளிக்கடை பாய் வீட்டுக் கல்யாணம், அவருடைய மூத்த பெண்ணுக்கு நிக்காஹ். மனைவி பெட்டியைத் திறந்து, வருஷத்துக்கு ஒருமுறை கட்டும் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டாள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா எடுத்தது. நான் வேட்டி சட்டை. பைக்கில் போனோம்.

போன இடத்தில் எல்லாம் நன்றாக நடந்தது. பந்தியில் பிரியாணி முடிந்து கை கழுவப் போனபோது பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இன்னிக்கு எந்தக் கத்தி?"

"இல்லைங்க பாய். இப்பல்லாம் வெச்சுக்கிறதில்ல."

அவர் என்னையும் பார்த்தார், சற்றுத் தள்ளிப் பெண்களோடு நின்ற என் மனைவியையும் பார்த்தார். "சரி, இன்னொரு கரண்டி பீர்னியாவது சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். காலையில் பெய்த மழை விட்டு வெயில் அடித்தாலும் காற்று ஈரமாக இருந்தது. மனைவிக்குக் காதில் குளிர்காற்று பட்டால் தலைவலி வந்துவிடும். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். மெயின் ரோட்டில் லாரி அதிகம் என்று நான் வாய்க்கால் கரை வழியைப் பிடித்தேன். ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் சம்பா வயல். எதிரே ஒரு வண்டி வந்தாலும் ஒதுங்க யோசிக்க வேண்டிய தார்ச்சாலை. அவள் மாப்பிள்ளையின் அம்மா போட்டிருந்த வளையலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதி வாக்கியத்தில் அவள் பேச்சு நின்றது. பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. பிரேக் போட்டேன். அதற்குள் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நாங்கள் இருவரும் கீழே கிடந்தோம்.

நான் எழுந்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையின் நுனி பின்சக்கரத்துக்குள் போய், கம்பிகளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் இறுகியிருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த மடிப்பு கயிறாகிவிட்டது. அவள் தலை சக்கரத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. இடது கையின் நான்கு விரல்களைப் புடவைக்கும் தொண்டைக்கும் நடுவில் எப்படியோ நுழைத்திருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

சக்கரத்தைப் பின்னால் சுற்றிப் பார்த்தேன், நகரவில்லை. வண்டியைத் தூக்கப் போனால் அவள் கழுத்தும் சேர்ந்து வந்தது. உடனே விட்டுவிட்டேன். பட்டைக் கிழிக்கப் பார்த்தேன். பட்டு கிழியுமா? அந்த இடத்தில் ஜரிகை வேறு. பல்லால் கடித்தேன். வலது கை தானாக இடுப்பில் பையைத் தேடியது. வேட்டியில் பை ஏது? இருந்திருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது.

அந்த வண்டியில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் புடவை சிக்காமலிருக்க ஒரு கம்பிவலை இருந்தது. துருப்பிடித்துக் கடகடவென்று ஆடுகிறது என்று ஆறு மாதத்துக்கு முன்னால் நானே என் கையால் கழற்றி வைத்தேன். புது வலை மாட்ட வேண்டும் என்று நினைத்து மறந்துபோனேன். அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்தது.

அவள் வலது கை தரையைத் தட்டியது. வலியில் அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி தட்டினாள், பிறகு விரலை நீட்டினாள். நான்கடி தள்ளி அவளுடைய கைப்பை விழுந்துகிடந்தது. போன் எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "போன் எங்கிட்டயே இருக்குடி" என்று கத்தினேன். அவள் கண்ணை உருட்டி முறைத்தாள். அந்த நிலையிலும் முறைத்தாள். ஓடிப்போய்ப் பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினேன். மாத்திரை அட்டை, சீப்பு, பாய் வீட்டில் கொடுத்த தாம்பூலம், கண்ணாடி எல்லாம் கொட்டின. அவள் விரலால் ஜிப் திறப்பது போலக் காட்டினாள். உள்ளே ஒரு சின்ன ஜிப் இருந்தது. அதற்குள் விரலை விட்டேன். குளிர்ச்சியாக, வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது.

திருப்பனந்தாள் மீன்.

அதை வெளியே எடுத்துப் பார்த்தபோது ஒரு நொடி எனக்கு எதுவுமே புரியவில்லை. பிறகு நகத்தை வைத்து அலகைத் திறந்தேன். முதல் தடவை வழுக்கியது, இரண்டாவது தடவை திறந்தது. கழுத்துப் பக்கம் போகாமல், தோளுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விறைத்து நின்ற இடத்தில் வைத்து இழுத்தேன். பட்டு உடனே விட்டுக்கொடுத்தது. ஜரிகைதான் நரநரவென்று நின்றது. இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு. படக்கென்று அறுந்து நான் பின்னால் சாய்ந்தேன்.

அவள் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காற்று வாங்கி நின்ற தண்ணீர் மோட்டார் மறுபடி தண்ணீரைப் பிடிக்கும்போது எழுப்பும் சத்தம். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இருமினாள். கண்ணில் தண்ணீராக ஊற்றியது. மறுபடி இருமினாள்.

"என் கண்ணப் பாருங்க" என்றாள். குரல் ஓலையை இழுப்பது போல இருந்தது. "வெள்ளைல ரத்தப்புள்ளி இருக்கா?"

பார்த்தேன். "இல்ல. செவந்திருக்கு, புள்ளி இல்ல."

"எச்சில் முழுங்க முடியுது." தன் மணிக்கட்டில் தானே விரல் வைத்து நாடி பார்த்தாள். "விரல் நாலும் மடங்குது. சரி. அழாதீங்க."

அதுவரை நான் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

வயலில் களை பறித்துக்கொண்டிருந்த நான்கைந்து பெண்கள் அதற்குள் சேற்றுக் காலோடு ஓடிவந்துவிட்டார்கள். வண்டி விழுந்த சத்தம் கேட்டு அப்போதே கிளம்பியிருக்கிறார்கள். வரப்பு வழியாக வருவதற்கு அவ்வளவு நேரம். ஒருவர் தூக்குவாளியில் தண்ணீர் கொடுத்தார். இருவர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்னொருவர் அறுந்துகிடந்த புடவையைப் பார்த்துவிட்டு, தன் புடவைக்கு மேல் போட்டிருந்த நீலக் கலர் முழுக்கைச் சட்டையைக் கழற்றி என் மனைவிக்கு மாட்டிவிட்டார்.

"போட்டுக்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல. இப்படியே எப்படிப் போவ?"

ஆட்டோ ஒன்றை வரவழைத்து மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்தபடி இருந்தாள், நானும் விடவில்லை. மருத்துவர் தொண்டையை அழுத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், பேசச் சொன்னார், விழுங்கச் சொன்னார். உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்றார். "அந்த விரல நடுவுல விட்டாங்க பாருங்க, அதுதாங்க. மத்தபடி கழுத்துல தடம் கொஞ்ச நாள் இருக்கும், போயிடும்." அன்று இரவு வரை கண்காணிப்பில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்ற வார்த்தையைக் கேட்டபின் எனக்கு அப்படி ஒரு பசி. மதியம் பிரியாணி சாப்பிட்டது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மருத்துவமனை வாசல் கடையில் நான்கு இட்லி நின்றுகொண்டே சாப்பிட்டேன். ரோட்டில் போகிற பஸ், கடையில் ஓடிய டீவி, யாரோ யாரையோ திட்டுவது, எல்லாமே நல்லதாகப்பட்டது. அவளுக்கு ஆறவைத்த பால் வாங்கிக்கொண்டு போனேன். மெதுவாகக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்குறீங்க?"

"எப்ப எடுத்த அத?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். எங்கேயோ பார்த்தாள். "ஆடி கடைசியிலயே எடுத்துட்டேன். நீங்க டப்பாவ மேல வெக்கிறதுக்கு நாலு நாள் முன்னாடி."

"எதுக்கு?"

"கொய்யாக்காய் நறுக்க."

எனக்குப் புரியவில்லை.

"முன்பல்லுல ஒண்ணு உடைஞ்சுபோய் மூடி போட்டேனே. அதுக்கப்புறம் கடிக்க முடியல. சென்டர்ல எல்லாரும் கொய்யாக்காய கடிச்சுத் திம்பாங்க, நான் மட்டும் பாத்துக்கிட்டிருப்பேன். ஒரு நாள் உங்க டப்பாவுல இருந்து சின்னதா பாத்து ஒண்ணு எடுத்துக்கிட்டேன். அப்புறம் போலீஸ் விஷயம் ஆச்சு. உங்கள வேணாம்னு சொல்லிட்டு நான் வெச்சிருக்கேன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு." சற்று நிறுத்தினாள். "நல்லாத்தான் வெட்டுதுங்க."

நான் சிரித்தேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை வலிக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் முதல் வேலையாகப் புதுக் கம்பிவலை மாட்டினேன். மெக்கானிக் மாட்டியதைக் குனிந்து நான்கு தடவை ஆட்டிப் பார்த்தேன். "ஆடாதுங்க சார், நம்புங்க" என்றார் அவர். டப்பாவும் பீரோவிலிருந்து கீழே இறங்கியது. இறக்கியவள் அவள்தான். தினமும் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். அலுவலகங்களுக்குப் போகும்போது மட்டும் வண்டியின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போகிறேன். பட்டா மனுவை அப்படித்தான் கொடுத்தேன். சர்வே எண்ணும் சரியாகிவிட்டது. பச்சைப் பட்டில் மிச்சமிருந்ததை ஒன்றும் செய்யவில்லை, மடித்து வைத்திருக்கிறாள்.

கழுத்தில் இருந்த தடம் முதலில் நீலமாகி, பிறகு மஞ்சளாகி, மார்கழி பிறப்பதற்குள் மறைந்துவிட்டது. குரல்தான் பழையபடி வர இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நீலச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு, அதே வாய்க்கால் கரை வழியாகப் போனோம். அவள் சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் என் தோளில் கையை வைத்தாள்.

அந்தப் பெண்கள் அன்று இரண்டு வயல் தள்ளி வேலையில் இருந்தார்கள். தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்கள். "அக்கா வந்துட்டாங்கடி!" என்று ஒரு குரல் கேட்டது. என் மனைவி செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு, சட்டைப் பொட்டலத்தோடு வரப்பில் இறங்கி நடந்தாள். சட்டை கொடுத்தவர் அவள் முகவாயைத் தூக்கிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லாருமாக வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்கோ தலைசுற்றல் என்று சொல்லியிருக்க வேண்டும். இவள் ஒருவருடைய கண்ணிமையை இழுத்துப் பார்ப்பதும் இன்னொருவருடைய கையைப் பிடித்து நாடி பார்ப்பதும் கரையிலிருந்து தெரிந்தது. சிரிப்புச் சத்தம் மட்டும் அவ்வப்போது காற்றில் வந்தது.

போன உடனே திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பியிருந்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாதாரணமாக நான் ஹாரன் அடித்திருப்பேன். அன்றைக்கு வண்டியை நிழலில் தள்ளி நிறுத்திவிட்டு, அவள் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் பேசி முடித்துவிட்டு வரட்டும்.